போர்வீரப் புனிதர்களின் கவசம்: எதை நம்பி வரைவது?

வரைகோல்:
போர்வீரர்களாகக் காட்டப்படும் கிறித்தவப் புனிதர்களான ஜார்ஜ், டெமெத்ரியஸ், தியோடோர் என்ற பெயருடைய இருவர் ஆகியோரை பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) பாணியில் ஒரே வரிசையில் வரைந்து வருகிறேன். இஸ்தான்புல் கோரா தேவாலயத்தில் 1315–1321 காலத்தில் தீட்டிய சுவரோவியங்களே மாதிரி. இடுப்புக்குக் கீழே தொங்கும் தோல் பட்டைகளும் மார்பைச் சுற்றிய துணிக்கட்டும் அக்காலப் படைவீரன் அணிந்தவைதானா? ரோமானியச் சிலைகளின் நகலா?

செதில்கவசம்:
இரண்டும் கலந்தவை. நெஞ்சுத் தசையை அப்படியே வார்த்துக் காட்டும் கவசம் சிலை மரபு. துணிக்கட்டும் பழையதுதான், படை அதிகாரியின் அடையாளமாகத் தொன்மைக் காலத்திலிருந்து ஓவியர் கைமாற்றி வந்தது. ஆனால் சிறு தகடுகளை வரிசை வரிசையாகக் கோத்த கிளிபானியோன் கவசத்தைக் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். 10ஆம் நூற்றாண்டுப் பேரரசர் நிக்கேபோரஸ் போக்காஸின் போர்க்கலை நூல் கனரகக் குதிரை வீரனுக்கு அதையே விதிக்கிறது. கிரீஸில் ஹோசியோஸ் லூகாஸ் மடாலயத்தில் உள்ள, பைபிளின் படைத்தலைவர் யோசுவாவின் ஓவியத்தைப் பாருங்கள். அதே நூற்றாண்டு ஓவியம். தகட்டுக் கவசம், இடையில் நேர்வாள், கையில் ஈட்டி, தலைக்கவசமும் உண்டு. பைசாந்தியக் கவசம் பற்றி ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் காட்டுவேன்.

வரைகோல்:
என் நால்வருக்கும் தலைக்கவசம் வேண்டாமா?

செதில்கவசம்:
வேண்டவே வேண்டாம். முகத்தை வைத்துத்தான் மக்கள் புனிதரை அறிகிறார்கள்: ஜார்ஜ் என்றால் மீசை தாடியற்ற இளமுகம், அடர்ந்த சுருள்முடி, தியோடோர்கள் என்றால் தாடி. இரும்புத் தொப்பி இதையெல்லாம் மறைத்துவிடும், ஒளிவட்டத்தோடும் மோதும்.

கேடயப்பித்தன்:
கேடயத்தையும் கவனியுங்கள். வட்டக் கேடயம் பழையது. கீழே கூராக நீளும் வாதுமை வடிவம் 11ஆம் நூற்றாண்டிலிருந்து பெருகுகிறது. அதற்காகக் கேடயத்தை மட்டும் வைத்து ஓவியத்தின் காலத்தைக் கணித்துவிடாதீர்கள், வட்டமும் தொடர்ந்து வரையப்பட்டது. வட மாசிடோனியாவின் ஓஹ்ரித் நகரில் உள்ள பெரிப்லெப்தோஸ் தேவாலயத்தில் (1295) மிகாயேல், எவ்டிகியோஸ் என்ற ஓவியர்கள் தங்கள் பெயரைப் போர்வீரப் புனிதர்களின் ஆடையிலும் ஆயுதத்திலும் எழுதியிருக்கிறார்கள். வாள் அவர்களுக்கு இடம் நிரப்பும் வேலை அல்ல. அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கைப்பிடி, குறுக்குக்கட்டை, உறை எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

வரைகோல்:
அப்படியானால் தகட்டு வரிசைகளை யோசுவாவிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். துணிக்கட்டை நால்வருக்கும் விடாமல் வரைவேன்; அவர்கள் படைத்தலைவர்களாகவே நிற்கட்டும்.