ஒஹாயோ தட்டில் வந்த மேங்கோ

சேலம் வீட்டுக் குழு, மார்ச், ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் (ஒஹாயோ, அமெரிக்கா), காலை 6:12
அனைவருக்கும் வணக்கம். அப்பா, உங்களிடம் ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். ‘ஸ்டஃப்டு மேங்கோஸ்’ செய்திருப்பதாகச் சொல்லி இன்று இரவு சாப்பிட அழைத்தார். மல்கோவாவை நினைத்துக்கொண்டு போன எனக்கு, சோறும் கொத்துக்கறியும் அடைத்து, தக்காளிச் சாறு ஊற்றி வேகவைத்த பச்சைக் குடைமிளகாய்தான் தட்டில் வந்தது. சிறுவயது முதல் தங்கள் வீட்டில் அதற்கு மேங்கோ என்றுதான் பெயர் என்கிறார். இது எப்படி வந்திருக்கும்?

நான், காலை 6:20
பெரியப்பா, குடைமிளகாய்க்கும் மாம்பழத்துக்கும் சுவையிலும் உறவில்லை, செடியிலும் உறவில்லையே.

பெரியப்பா (அஸ்தம்பட்டி), காலை 6:51
அந்த அம்மையார் தவறாகச் சொல்லவில்லை. ஒஹாயோ, இண்டியானா, பென்சில்வேனியா பகுதிகளில் மூத்த தலைமுறையினர் பலர் குடைமிளகாயை அப்படித்தான் அழைத்தார்கள். அதற்குக் காரணம் ஊறுகாய் ஜாடி.

முதலில் சொல் போன வழியைப் பார்ப்போம். 1498க்குப் பிறகு நம் மேற்குக் கரையில் வணிகம் செய்த போர்த்துகீசியர் இந்தச் சொல்லை ‘மங்கா’ என்று தம் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் அதை மலையாளத்து ‘மாங்ங’விலிருந்து பெற்றார்கள் என்று சில அகராதிகளும், நம் ‘மாங்காய்’ மலாய் மொழிக்குப் போய் அங்கிருந்து அவர்களுக்குக் கிடைத்தது என்று வேறு சில அகராதிகளும் கூறுகின்றன. எந்த வழியாகப் போயிருந்தாலும் சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு போனது ‘காய்’ என்பதைக் கவனியுங்கள். நாம் மாவடு, மாம்பிஞ்சு, மாங்காய், மாம்பழம் என்று பருவத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். ஆங்கிலமோ காயின் பெயரை வாங்கிப் பழத்துக்கும் அதையே சூட்டிவிட்டது.

பெரியம்மா, காலை 7:05
அந்தக் காலத்துக் கப்பலில் மாதக்கணக்கில் போகும்போது பழம் எப்படித் தாங்கும்? வாரத்திலேயே அழுகிவிடும். உப்பில் ஊறிய காய்தான் கரை சேர்ந்திருக்கும்.

பெரியப்பா, காலை 7:22
அதுவேதான் செய்தி. இங்கிலாந்துக்காரர்களுக்கு முதலில் பழக்கமான மேங்கோ பெரும்பாலும் ஊறுகாயாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் அந்தச் சொல்லுக்கே ஊறுகாய் என்ற பொருள் ஏறியது. மாங்காய் கிடைக்காத ஊரில் அவர்கள் வெள்ளரியையும் முலாம்பழத்தையும் எடுத்துக்கொண்டார்கள். 1699இல் ஜான் ஈவ்லின் என்பவர் வெளியிட்ட காய்கறி நூலில் ‘வெள்ளரி மேங்கோ’ என்றே ஒரு செய்முறை இருக்கிறது. பச்சையான பெரிய வெள்ளரிக்காயின் மேற்புறத்தையோ பக்கவாட்டையோ திறந்து, விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பூண்டுப் பல்லை வைத்து, ஜாடியில் போட்டு வினிகர் ஊற்ற வேண்டுமாம். பிறகு மேங்கோ வினைச்சொல்லாகவும் ஆனது. காயைக் குடைந்து, மசாலை அடைத்து, ஊறப்போடுவதையே ‘மேங்கோ செய்வது’ என்றார்கள். அமெரிக்காவில் அப்படிக் குடைந்து அடைப்பதற்குக் குடைமிளகாய் வாகாக அமைந்ததால் அந்தப் பெயர் அதன்மேல் நின்றுவிட்டது. ஊறப்போடும் வழக்கம் போன பின்னும் பெயர் போகவில்லை. நீ இன்று சாப்பிட்டது அந்தப் பெயரைத்தான்.

அத்தை (ஏற்காடு), காலை 7:40
அண்ணா, இதைப் படித்ததும் எனக்கு மேங்கோ ஷவர் நினைவுக்கு வந்தது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் பருவமழைக்கு முன்னால் பெய்யும் மழையை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள். கீழே உங்களுக்கு அது மாங்காய்க்கான மழை. இங்கே தோட்டத்தில் எங்களுக்கு அது காப்பி பூப்பதற்கான மழை. மழை விழுந்து பத்து நாளைக்குள் செடி முழுவதும் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். ஒரே மழைக்கு மேட்டில் ஒரு பொருளும் பள்ளத்தில் ஒரு பொருளும் இருப்பதை இத்தனை வருடமாக நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

நான், காலை 7:48
அப்படியானால் மங்குஸ்தான், ஆங்கிலத்தில் அலையாத்திக் காட்டைக் குறிக்கும் மேங்க்ரோவ், ஜப்பானியப் படக்கதையான மாங்கா ஆகியவையும் மாங்காயிலிருந்து வந்தவைதானா பெரியப்பா?

பெரியப்பா, காலை 8:10
மூன்றும் இல்லை. மங்குஸ்தான் தனியான மலாய்ச் சொல். மேங்க்ரோவ் போர்த்துகீசிய, ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தது. ஜப்பானிய மாங்கா சீன எழுத்துகளில் எழுதப்படும் வேறொரு சொல். ஒலி ஒத்திருப்பதைக் கண்டு எல்லாவற்றையும் நம்முடையது என்று சொல்லக் கூடாது, கண்ணு. அப்படிச் சொன்னால் உண்மையாகவே நம்மிடமிருந்து போனதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நமக்கு உரியது வேறு இடங்களில் நிற்கிறது. 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் மாமரத்துக்கு ‘மேங்கிஃபெரா இண்டிகா’ என்று அறிவியல் பெயர் வைத்தார். மேங்கோவைத் தாங்குவது என்பது அதன் பொருள். அவரே 1758இல் ஜமைக்காவில் வாழும் ஒரு ரீங்காரச் சிட்டு வகைக்கும் மேங்கோ என்ற பெயரை இட்டார். ஆங்கிலத்தில் ஹம்மிங்பேர்ட் எனப்படும் அந்த இனமே நம் நாட்டில் கிடையாது. இன்றும் அந்த வகைப் பறவைகள் பலவற்றுக்கு மேங்கோ என்றுதான் பெயர்.

அண்ணன் (ஒஹாயோ), காலை 8:16
அப்பா, அந்தப் பாட்டியிடம் நாளையே இதைச் சொல்லப் போகிறேன். அம்மா, வடு மாங்காய் போடும் முறையை எழுதி அனுப்புங்கள். அதையும் அவரிடம் படித்துக் காட்ட வேண்டும்.

பெரியம்மா, காலை 8:33
வடுவைக் காம்போடு வாங்கி, கழுவித் துடைத்து, ஈரம் போக நிழலில் உலர்த்த வேண்டும். பிறகு விளக்கெண்ணெய் தடவிப் புரட்டி, ஜாடியில் ஒரு அடுக்கு வடு, ஒரு அடுக்கு கல்லுப்பு என்று போட வேண்டும். நாள்தோறும் ஒருமுறை குலுக்கிவிட்டால் வடு தானாகவே நீர் விட்டுச் சுருங்கும். அந்த நீரிலேயே கடுகு, மிளகாய், மஞ்சளை அரைத்துக் கலக்க வேண்டும். தனியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்கக் கூடாது. சின்னக் கடைவீதிக்கு வடு வந்துவிட்டது என்று நேற்றுச் சொன்னார்கள். இன்று போய் மூன்று கிலோ வாங்குகிறேன். நீ மே மாதம் வரும்போது நன்றாகச் சுருங்கியிருக்கும், அந்த அம்மாவுக்கும் ஒரு பாட்டில் கொண்டு போ.