"அக்டிவேஷன்" என்பதற்குச் "செயற்படுத்தல்" பொருந்துமா? "உரிமப்பிணைப்பு" என்றொரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

விண்டோஸ் முதலிய பணிசெயல் முறைமைகளில், நிறுவிய பிரதிக்கு உரிய உரிமம் இருக்கிறதா என்று உறுதிசெய்யும் வேலையைக் குறிக்க வரும் "அக்டிவேஷன்" என்ற சொல்லுக்குச் "செயற்படுத்தல்" என்பதையே நிலையாகக் கொள்ளலாம் என்று உங்களுள் பலர் எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் உடன்பட இயலாமைக்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கல்லடியில் கணினி திருத்தும் சிறு கடையொன்றை நடத்துபவன் என்ற முறையில், இந்தச் சொல் மக்களை எப்படித் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது என்பதை என் வேலை மேசையிலேயே கண்டுவருகிறேன்.

அண்மையில் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் தமது மேசைக் கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். திரையின் வலது கீழ்மூலையில் விண்டோஸை அக்டிவேற் செய்யும்படி கேட்கும் மங்கலான இரண்டு வரிகள் நின்றன. அவருடைய பேரன் அதைக் "கணினி செயற்படுத்தப்படவில்லை" என்று தமிழில் பெயர்த்துச் சொல்லியிருக்கிறான். கணினி எந்த நேரமும் நின்றுவிடும் என்று எண்ணிய அவர், தாம் தட்டச்சிட்டு வைத்திருந்த ஊர் வரலாற்றை மூன்று நாட்களாகத் திரையைப் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். "நிண்டு போக முதல் எழுதி எடுத்துப்போடுவம் எண்டு பார்த்தன், தம்பி" என்றார். அவர் பக்கத்தில் பிழையில்லை. செயற்படுத்தப்படாத ஒன்று செயற்படாது என்றுதான் தமிழ் தெரிந்த எவரும் விளங்கிக்கொள்வர்.

உண்மையில் நடந்தது வேறு. ஒரு மாதத்துக்கு முன்னர் அந்தக் கணினியின் வன்தட்டு மாற்றப்பட்டு, விண்டோஸ் 10 புதிதாக நிறுவப்பட்டிருந்தது. பாகங்கள் எல்லாம் பொருத்தப்படும் தாய்ப்பலகை (மதர்போர்ட்) பழையதுதான். ஆனால் அதிலிருந்த காசு வடிவ மின்கலம், நாங்கள் "பயோஸ் பட்டரி" என்று சொல்லும் சி.ஆர். 2032, தீர்ந்திருந்தபடியால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னால் போய் நின்றது. திகதி பிழையாக இருந்தால், உரிமங்களைச் சரிபார்க்கும் மைக்ரோசொப்ற் சேவையகத்தின் (சேர்வரின்) பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. சேவையகத்தோடு பேச முடியாத விண்டோஸ் தனக்குரிய உரிமத்தை உறுதிசெய்துகொள்ளவும் முடியாது. மின்கலத்தை மாற்றி, திகதியையும் நேர வலயத்தையும் சரிசெய்து, இணையத்தில் இணைத்து, அமைப்புகளில் உள்ள பழுதறியும் பொத்தானை அழுத்தியதும் சில நிமிடங்களில் அந்த இரண்டு வரிகளும் மறைந்தன. விண்டோஸ் வாங்கும்போது கிடைக்கும் 25 எழுத்துக் குறி (புரொடக்ற் கீ) எதையும் நான் தட்டச்சிடவில்லை. முன்னர் அதே தாய்ப்பலகையில் பெற்ற எண்ணிம (டிஜிற்றல்) உரிமம் சேவையகத்தில் அப்படியே இருந்தது.

இங்கே எது செயற்படுத்தப்பட்டது? கணினி முன்பும் செயற்பட்டது, பின்பும் செயற்பட்டது. உரிமம் இல்லாத நிலையிலும் விண்டோஸ் 10 ஏறத்தாழ முழுமையாகவே இயங்கும். திரையின் பின்னணிப் படத்தையும் நிறங்களையும் அமைப்புகளில் மாற்ற முடியாது, மூலையில் அந்த எழுத்து நிற்கும், அவ்வளவே. சிம் அட்டைக்குச் "செயற்படுத்தல்" என்ற சொல் முற்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதற்கு முன்னர் அழைப்பு எடுக்கவே முடியாது. வங்கி அட்டைக்கும் அப்படியே. விண்டோஸில் நடப்பது அந்த வகையைச் சேர்ந்ததன்று.

இதற்கு எதிராக ஒரு நியாயமான வாதம் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது 30 நாள் தவணைக்குள் அக்டிவேற் செய்யாவிட்டால் உள்நுழையவே விடாது. அதன்பின் வந்த விண்டோஸ் விஸ்டாவும் தொடக்கத்தில் பெரும்பாலான வசதிகளை முடக்கியது. 2008இல் விஸ்டாவுக்கு வந்த முதலாம் சேவைப் பொதியோடுதான் (சேர்த்து வெளியிடப்பட்ட திருத்தத் தொகுதி) அந்த முடக்கம் கைவிடப்பட்டு, நினைவூட்டல் முறை வந்தது. ஆகவே அந்தக் காலத்தில் "செயற்படுத்தல்" என்று பெயர்த்தவர்கள் கண்முன் நடந்ததையே சொன்னார்கள். இன்று பொருளின் இயல்பு மாறிவிட்டது. ஆங்கிலம் பழைய சொல்லையே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதற்காக, இப்போது புதிதாகச் சொல் தேடும் நாமும் அந்தப் பழைய நிலையைத் தமிழில் பதித்துவைக்க வேண்டியதில்லை.

முன்மொழியப்பட்ட மற்றச் சொற்களையும் பார்த்தேன். "உயிர்ப்பித்தல்" அழகான சொல், ஆனால் இறந்ததை எழுப்புவதாகப் பொருள் தருவதால் அதே அச்சத்தை இன்னும் கூட்டும். உயர்தர இரசாயனவியலில் "அக்டிவேஷன் எனர்ஜி" என்பதற்கு "ஏவற்சக்தி" இருப்பதால் "ஏவல்" என்றே கொள்ளலாம் என்று ஆசிரியர் ஒருவர் காட்டிய ஒப்புமை சிந்தனைக்குரியது. ஆயினும் மந்திரத்துக்குப் பெயர்பெற்ற மட்டக்களப்பு மண்ணில் "ஏவல்" என்ற சொல்லை ஒருவர் கேட்டவுடன் எங்கே போய் நிற்பார் என்பதை இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. "பதிவு" என்பது தெளிவாகவே தவறு. மென்பொருளைத் தம் பெயரில் பதிவது விருப்பத்துக்குரிய வேறொரு வேலை, மைக்ரோசொப்ற் நிறுவனமே இரண்டையும் பிரித்துத்தான் வைத்தது.

அப்படியானால் நடக்கும் வேலைதான் என்ன? ஓர் உரிமம் ஒரு குறிப்பிட்ட பொறியோடு சேர்த்துக் கட்டப்படுகிறது. கணினியின் பாகங்களிலிருந்து, முதன்மையாகத் தாய்ப்பலகையிலிருந்து, ஓர் அடையாளம் கணிக்கப்பட்டுச் சேவையகத்தில் அந்த உரிமத்தோடு சேர்த்து வைக்கப்படுகிறது. இதைத்தான் "உரிமப்பிணைப்பு" என்று அழைக்கலாம் என முன்மொழிகிறேன். வினையாக வரும்போது "உரிமத்தைப் பிணைக்க", நிலையாக வரும்போது "உரிமம் பிணைக்கப்பட்டுள்ளது", மறுதலையாக "உரிமப்பிணைப்பு நீக்கம்" என்று எல்லா வடிவங்களும் இயல்பாக வருகின்றன.

சொல்லின் தகுதி, அது மற்றக் கோளாறுகளையும் விளக்குகிறதா என்பதில் இருக்கிறது. மழைக்காலத்து மின்னலில் தாய்ப்பலகை எரிந்து, புதியது பொருத்தியதும் எச்சரிக்கை வந்துவிட்டது என்று கணினிகள் வருவதுண்டு. "செயற்படுத்தியது ஏன் செயலிழந்தது?" என்ற கேள்விக்கு விடை சொல்வது கடினம். "உரிமம் பழைய தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருந்தது" என்றால் ஒரே வரியில் விளங்கிவிடும். கடையில் தனியே வாங்கிய உரிமத்தைப் புதிய பொறிக்கு மாற்றலாம் என்பதும், கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் பொதுவாக அந்தக் கணினியோடேயே போய்விடும் என்பதும் அதே சொல்லிலிருந்து கிளைக்கின்றன. 2016 முதல் எண்ணிம உரிமத்தை மைக்ரோசொப்ற் கணக்கோடும் சேர்த்துவைக்க முடிகிறது. அதற்கு "இணைத்தல்" என்று சொல்வோம். பொறியோடு பிணைப்பு, கணக்கோடு இணைப்பு என்ற வேறுபாடு கிடைத்தால், இணைத்து வைத்தவர்கள் தாய்ப்பலகை மாறிய பின்னும் மீளப் பிணைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்வது இலகுவாகிவிடும்.

"உரிமம்" தமிழ்நாட்டுச் சொல், நமக்கு "அனுமதிப்பத்திரம்" இருக்கிறதே என்று கேட்கப்பட்டது. சாரதி அனுமதிப்பத்திரம் கையில் பிடிக்கக்கூடியது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் உரிமத்தாள் ஒட்டப்பட்டிருந்த காலத்தில் "பத்திரம்" பொருந்தியிருக்கும். விண்டோஸ் 8 காலத்திலிருந்து கணினியோடு வரும் குறி பெரும்பாலும் தாய்ப்பலகையின் நிலைபொருளுக்குள்ளேயே (அதில் நிலையாகப் பதிந்திருக்கும் மென்பொருள்) எழுதப்பட்டு வருகிறது. தாளே இல்லாதபோது பத்திரம் எங்கே?

ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதப்படும் அந்த 25 எழுத்துகளுக்கு என்ன பெயர் என்பதிலும் நமக்குள் இணக்கமில்லை. நம்மூரில் பூட்டைத் திறப்பது "திறப்பு". தமிழ்நாட்டில் அது சாவி, திறப்பு என்றால் அங்கே விழா நினைவுக்கு வரும். இந்தக் குழப்பத்துக்கு அப்பாலும், அந்த எழுத்துகள் எதையும் திறப்பதில்லை. இன்ன உரிமம், இன்ன பதிப்பு என்று அடையாளம் காட்டுகின்றன. விண்டோஸின் ஹோம் பதிப்புக்குரியதை வைத்திருப்பவருக்கு யாராவது ப்ரோ பதிப்பை நிறுவிக் கொடுத்தால் பிணைப்பு நடவாமைக்குக் காரணமும் அதுவே. நம் பக்கத்துப் பட்டிகளில் மாட்டுக்கு இடும் குறியைப் போல, இது யாருக்குரியது என்று சொல்லும் அடையாளம் என்பதால் "உரிமக்குறி" என்று வைக்கலாம்.

மிகக் கடினமானது "ஜெனுயின்" என்ற சொல்தான். விண்டோஸ் 7இல் திரையைக் கறுப்பாக்கி வந்த அறிவிப்பை "இந்தப் பிரதி அசல் அல்ல" என்று பெயர்த்திருக்கிறோம். அதே அதிபரிடம் இந்தத் தொடரைக் காட்டினேன். பிரதேச செயலகத்தில் மூலப்பிரதியையும் நிழற்பிரதியையும் நீட்டிப் பழகிய அவர், "பிரதி எண்டால் அசல் இல்லைத்தானே, தம்பி, இதில என்ன செய்தி இருக்கு?" என்று கேட்டார். எனக்கு விடையில்லை. அதோடு, திகதி பிழைத்ததற்கும் பாகம் மாறியதற்கும்கூட எச்சரிக்கை வரக்கூடும் என்னும்போது, "அசல் அல்ல" என்பது விற்றவரைக் கள்ளனாக்கிவிடுகிறது. அந்த அவமானத்தில் சிலர், உரிமச் சோதனையை ஏமாற்றும், இணையத்தில் கிடைக்கும் உடைப்பு மென்பொருளை (கிராக்) ஓடவிட்டு, அதற்குள் ஒளிந்திருக்கும் நச்சுநிரலையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். ஆகவே "உரிமம் உறுதிப்படவில்லை" என்று நிலையை மட்டும் சொல்வதே நேர்மையானது என்பது என் கருத்து. உண்மையிலேயே கள்ளக்குறி என்று சேவையகம் மறுக்கும் இடத்தில் "இந்த உரிமக்குறி தடைசெய்யப்பட்டுள்ளது" என்று தனியே சொல்லலாம்.

1936இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சுவாமி விபுலானந்தர் காரைதீவிலே பிறந்தவர். அவருடைய சமாதி என் கடைக்கு அண்மையில்தான் இருக்கிறது. அவர் அறிவியலும் தமிழும் ஒருங்கே கற்றவர் என்பதை இந்த விவாதத்தின்போது பலமுறை எண்ணினேன். பொருள் எப்படி இயங்குகிறது என்று அறிந்த பின்னரே பெயரிட வேண்டும் என்ற பிடிவாதம் எங்கள் மண்ணுக்கு உரியதென்றே கருதுகிறேன்.

முன்வைக்கும் அறிவிப்பு வாசகம் இது: "விண்டோஸ் உரிமம் இந்தக் கணினியோடு பிணைக்கப்படவில்லை. திகதியையும் இணைய இணைப்பையும் சரிபார்த்து, அமைப்புகளுக்குச் சென்று உரிமத்தைப் பிணைக்கவும்." இதைத் தாளில் எழுதி, கணினியை எடுக்க வந்த அதிபரிடம் கொடுத்தேன். இருமுறை வாசித்துவிட்டு, "அப்ப முதல்ல திகதியைத்தான் பார்த்திருக்க வேணும்" என்றார்.

"பிணை" என்பது நீதிமன்றப் பிணையை நினைவூட்டுமோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது. சட்டத்துறையில் உள்ளவர்கள் அதுபற்றித் தங்கள் கருத்தை எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்,
கல்லடி, மட்டக்களப்பிலிருந்து