செர்வேட்டஸை எரித்தது காலமா, கால்வினா? காஸ்டெல்லியோவை முன்வைத்து ஒரு விவாதம்

பனங்காடு:
மதக் கருத்துக்காக ஆளைக் கொல்லக் கூடாது என்று வாதிட்ட 16-ஆம் நூற்றாண்டு அறிஞர் காஸ்டெல்லியோவைப் புகழ்பவர்கள் எல்லோரும், ஜெனீவாவின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத் தலைவர் கால்வினை வில்லனாக்கித்தான் ஓய்கிறார்கள். 1553-இல், கிறிஸ்தவத்தின் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த மிகுவேல் செர்வேட்டஸை ஜெனீவாவில் உயிரோடு எரித்தது கொடுமை, மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பு நகர மன்றத்தினுடையது. சூரிச், பெர்ன், பாசல் ஆகிய சுவிஸ் நகரங்களிடமும் கருத்துக் கேட்டார்கள்; ஒருவரும் அவருக்காகப் பரிந்து பேசவில்லை. எரிக்க வேண்டாம், தலையை வெட்டுங்கள் என்று கேட்டதே கால்வின்தான். 1903-இல் கால்வின் வழிவந்தவர்களே அங்கே நினைவுக்கல் நட்டு, அது அவருடைய நூற்றாண்டின் பிழை என்று பொறித்துவிட்டார்கள். அப்புறம் என்ன வழக்கு?

வைகறை:
அந்தக் கல்லோடுதான் என் வழக்கே. காஸ்டெல்லியோவும் அதே நூற்றாண்டு ஆள்தானே! கால்வின் காலத்து ஜெனீவாவிலேயே பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். பைபிள் விளக்கத்தில் கருத்து வேறுபட்டு வெளியேறி, பாசலில் அச்சகத்தில் பிழைதிருத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். ரைன் ஆற்றில் வெள்ளம் வந்தால் மிதந்துவரும் மரத்தைக் கொக்கியால் இழுத்து அடுப்பெரித்தார். பிற்பாடு கால்வின் அதை விறகுத் திருட்டு என்று எழுதினார். ஆற்றோடு வரும் மரம் எடுப்பவர்க்குச் சொந்தம், மற்றவர்களும் எடுத்தார்கள் என்று இவர் பதில் எழுத வேண்டியதாயிற்று. பதிதர், அதாவது மதக் கோட்பாட்டிலிருந்து விலகியவர், என்று முத்திரை குத்தி மனிதர்களைத் தண்டிக்கலாமா என்று கேட்கும் தொகுப்பை 1554-இலேயே வெளியிட்டவர் இவர். அதில் கால்வினின் பழைய வரிகளையும் சேர்த்திருந்தார்.

பனங்காடு:
மார்ட்டினஸ் பெல்லியஸ் என்ற புனைபெயரில்! நேரடியாகக் கால்வினை மறுத்த நூலோ 1612 வரை அச்சேறவே இல்லை. அவர் வாழ்நாளில் என்ன மாறியது?

தேன்சிட்டு:
ஒரு மனிதரைக் கட்டிவைத்து எரித்த ஆறு மாதத்துக்குள் எழுதுகிறவரிடம் சொந்தப் பெயர் எங்கே என்று கேட்பது அநியாயம். நீங்கள் சொல்லும் 1612 நூலில்தான், மனிதனைக் கொல்வது கோட்பாட்டைக் காப்பதல்ல, மனிதனைக் கொல்வதே என்று எழுதியிருக்கிறார். இதைச் சொல்ல அடுத்த நூற்றாண்டு வரை காத்திருக்கத் தேவைப்படவில்லை அவருக்கு.

பனங்காடு:
சரி, சொன்னார். கேட்டவர் யார்?

வைகறை:
கேட்காததற்கு அவரா பொறுப்பு? 1562-இல் பிரான்ஸில் கத்தோலிக்கர்களுக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் மதப்போர் மூண்டபோது, மனசாட்சியை வற்புறுத்துவதுதான் நோயின் மூலம், இரு தரப்பும் அவரவர் வழியில் வழிபடட்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு டிசம்பரில், பாசலில் அவர் மீதே குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது, 48 வயதில் இறந்தார். பிரான்ஸில் புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் அரசாணை வர 1598 ஆயிற்று. அதுவரை செத்தவர்களிடம் போய் நூற்றாண்டின் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நண்பரே.