நெல் கொள்வனவுக் கணக்கில் சதங்கள் பொருந்தவில்லை: புளோட்டா, டெசிமலா?

கேள்வி (சம்மாந்துறை):
அரிசி ஆலையொன்றுக்காக மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அமைத்த நெல் கொள்வனவுக் கணக்கில் எடையையும் விலையையும் புளோட் (மிதவைப் புள்ளி எண்) வகையில் வைத்துள்ளேன். போகம் முடிந்து கூட்டிப் பார்த்தால், பற்றுச்சீட்டுகளின் மொத்தத்திலிருந்து சில சதங்கள் விலகுகின்றன. விவசாயிக்குரிய பணம் என்பதால் அப்படியே விட மனமில்லை.

பதில் (களுவாஞ்சிக்குடி):
தம்பி, புளோட் எண்களை இரும முறையில் சேமிப்பதால் 0.1 போன்ற எளிய தசமம்கூட அதில் தோராயமாகவே இருக்கும். ஆயிரக்கணக்கான நிரைகளைக் கூட்டும்போது அந்த நுண்பிழைகள் சேர்ந்து சதங்களாக வெளிப்படுகின்றன. தசமங்களை அப்படியே சேமிக்கும் டெசிமல் வகைக்கு மாறி, எடைக்கு டெசிமல்(10,3), தொகைக்கு டெசிமல்(12,2) வையுங்கள். முதல் எண் மொத்த இலக்கங்களையும் இரண்டாவது புள்ளிக்குப் பின்னுள்ளவற்றையும் குறிக்கும்.

பதில் (அக்கரைப்பற்று):
காஸ்ட் (ஒரு மதிப்பை வேறு வகைக்கு மாற்றும் கட்டளை) செய்யும்போது அளவு குறிப்பிடாமல் டெசிமல் என்று மட்டும் எழுதினால், மைஎஸ்கியூஎல் அதை டெசிமல்(10,0) என்றே கொள்ளும், ‘72.50’ என்பது 73 ஆகிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராததால் புளோட்டைவிட இதையே நான் அதிகம் அஞ்சுகிறேன். பழைய புளோட் நிரல்களை (நெடுவரிசைகளை) மாற்றுமுன் அட்டவணையைப் பிரதியெடுத்து, மாற்றிய தொகைகளைப் பற்றுச்சீட்டுகளுடன் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. அறிக்கைகளைப் பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் தயாரிக்கிறேன். அங்கும் கவனம் தேவையா?

பதில் (களுவாஞ்சிக்குடி):
ஆம். பைத்தானின் டெசிமல் வகையிலேயே கணக்கிடுங்கள். இடையில் புளோட்டாக மாற்றினால் அதே பிழை திரும்ப நுழையும்.