இயர்போனில் தொப்பி கேட்கவில்லை

குழு: மேலத்தெரு உறவுகள்

முகிலன், மாலை 5.40
பெரியப்பாவுக்கு வணக்கம். வயரைக் கழற்றி மாட்டும் வகை இயர்போன் ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். கேட்ட இடமெல்லாம் புகழ்ந்தார்கள். எனக்கோ மிருதங்கத்தின் வலப்பக்க முகமான வலந்தலை தகரத்தில் தட்டுவதுபோல் கேட்கிறது, தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத் தொப்பி இருக்கும் இடமே தெரியவில்லை. பாடுபவரின் குரலும் ஓரிடத்தில் நிற்காமல் கலைந்து வருகிறது. திருப்பி அனுப்புவதற்கு நாளைதான் கடைசி நாள். அனுப்பிவிடலாமா?

மன்னார்குடி அத்தை, 5.43
இந்தக் குழுவின் ஒரே விதியை மதித்து முழு வாக்கியங்களில் எழுதியிருக்கிறாய், மகிழ்ச்சி. தொப்பி கேட்காத கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அனுப்பிவிடு.

குடந்தைப் பெரியப்பா, 5.58
அவசரப்பட வேண்டாம். கோயில் திருவிழாக்களுக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் மைக் செட் கட்டியவன் சொல்கிறேன்: ஒலி சரியில்லை என்று வந்த புகார்களில் பாதி, ஒலிபெருக்கிப் பெட்டியின் குறை அல்ல, பெட்டியை வைத்த இடத்தின் குறை. இயர்போனுக்கு உன் காதுத் துளைதான் மண்டபம். இயர்போன் நுனியில் மாட்டும் ரப்பருக்கும் காதுக்கும் நடுவே ஒரு நூலளவு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியாகக் கசிந்துவிடும். மேல் ஒலிகள் மட்டும் மிஞ்சும். நீ சொன்ன தகரச் சத்தம் அப்படித்தான் பிறக்கிறது. பாட்டு ஓடும்போது இரண்டு பக்கத்தையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பார். அழுத்திய நொடியில் தொப்பி எழுந்து, விரலை எடுத்ததும் அடங்கினால், உன் ரப்பர் சிறியது என்று பொருள்.

முகிலன், 6.04
வலப்பக்கத்தை அழுத்தியதும் தொப்பியில் எழும் கும்கி என்ற கனத்த ஒலி அப்படியே திரண்டு வருகிறது. இடப்பக்கத்தில் மாற்றம் இல்லை. பெட்டியோடு வந்த நடுத்தர அளவு ரப்பரைத்தான் இரண்டிலும் மாட்டியிருந்தேன்.

குடந்தைப் பெரியப்பா, 6.07
வலப்பக்கத்துக்குப் பெரியதை மாட்டு. இரண்டு காதுக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது கட்டாயமில்லை. எனக்கும் இடம் நடுத்தரம், வலம் பெரியது. மாட்டியபின் வாய்விட்டு நாலு வார்த்தை பேசு. உன் குரல் உனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் கனத்துக் கேட்டால் அடைப்பு சரியாகிவிட்டது. உள்ளே தள்ளும்போது ‘கிறுக்’ என்று ஒரு சிறு சத்தம் வந்தால் பயப்படாதே. காற்றழுத்தத்தில் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு மடங்கி நிமிரும் சத்தம் அது.

கயல் (திருவையாறு), 6.15
அண்ணா, என்னிடமும் அதே விலையில் ஒன்று இருக்கிறது. எங்கள் இசைக் கல்லூரி வகுப்பில் அன்றாடம் நேரில் கேட்கும் ஒலிகளை வைத்துத்தான் நான் சோதித்தேன். முதலில் தம்பூரா: தந்திக்கு அடியில் பருத்தி நூலைச் செருகி ஜீவா பிடித்த தம்பூராவில் ஒரே மீட்டில் பல சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மிதந்து வரும். மட்டமான இயர்போனில் அது வெறும் ரீங்காரமாகத் தட்டையாகிவிடும். அடுத்தது வீணை: தந்தியில் நகம் படும் அந்தக் கணம் கேட்க வேண்டும், ஆனால் ஊசியாகக் குத்தக் கூடாது. கடைசியாக, எங்கள் ஊர்த் தியாகராஜர் ஆராதனையில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பாடும் பதிவைப் போட்டு, கூட்டுக் குரலுக்குள் வயலின் தனியாகத் தெரிகிறதா என்று பார்த்தேன். என்னுடையதில் வயலின் தெரிந்தது, புல்லாங்குழல் கூட்டத்தில் கரைந்துவிட்டது. இந்த விலைக்கு அது போதும் என்று வைத்துக்கொண்டேன்.

குடந்தைப் பெரியப்பா, 6.24
சரியான முறை. பழகாத பாட்டை வைத்து எதையும் எடைபோட முடியாது. நான் நாகசுரத்தையும் சேர்த்துக்கொள்வேன். நம் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. நாகசுரத்தின் வீச்சிலும் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. மலிவான கருவிகள் பலவற்றில், கடையில் கேட்டவுடன் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பகுதியைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் இனிக்கும். அரை மணி நேரம் ஆலாபனை கேட்டால் தலை வலிக்கும். ஆகவே குறைந்தது ஒரு ராகம் முழுவதும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதே. இன்னொன்று: இரண்டு இயர்போன்களை ஒப்பிடும்போது ஒலியளவை முதலில் சமப்படுத்து. கொஞ்சம் உரக்கக் கேட்பதுதான் நல்லது என்று மனம் நம்பிவிடும்; கடைக்காரர்களுக்கு இது தெரியும். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். 68 வயதுக் காதுக்கு உச்சத்தில் இருக்கும் ஒலிகள் எட்டுவதில்லை. ‘ஸ’, ‘ஷ’ ஒலிகள் சீறுகின்றனவா என்பதைக் கயல்தான் சொல்ல வேண்டும்.

மன்னார்குடி அத்தை, 6.29
பெட்டியில் ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்றும் ‘10 மி.மீ. டிரைவர்’ என்றும் அச்சிட்டிருக்கிறார்களே, அவற்றைப் பார்த்தே முடிவு செய்ய முடியாதா?

குடந்தைப் பெரியப்பா, 6.33
முடியாது அம்மா. முதலாவது, மனிதக் காதின் எல்லையை அப்படியே எடுத்து அச்சிட்டது. அந்த எல்லைக்குள் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்பதுதான் ஒலியின் குணம். அதை அட்டை சொல்வதில்லை. டிரைவர் என்பது உள்ளே ஒலி எழுப்பும் பகுதி; அதன் அகலமும் அப்படித்தான். பெரிய பானை என்பதால் சோறு ருசிக்காது.

முகிலன், 6.41
பெரிய ரப்பரை மாட்டியதும் தொப்பி வந்துவிட்டது. ஆனால் குரல் இன்னும் கலைந்தே இருக்கிறது. ஒரு காது மந்தமோ என்று சந்தேகித்து இரண்டையும் இடம் வலம் மாற்றி மாட்டிப் பார்த்தேன். அளவில் வித்தியாசம் இல்லை. பாடுபவர் தலைக்கு நடுவில் இல்லாமல் இரண்டு காதோரமும் பரவி நிற்கிறார்.

குடந்தைப் பெரியப்பா, 6.44
அந்தச் சோதனை நல்லது. குறை காதோடு தங்குகிறதா, கருவியோடு போகிறதா என்று காட்டிவிடும். இப்போது போன் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குள் மோனோ ஒலியை (இரண்டு காதுக்கும் ஒரே ஒலி) இயக்கி ஒற்றைக் குரல் பதிவு ஒன்றைக் கேள். புருவ நடுவில் பொட்டு வைத்ததுபோல் குரல் ஓரிடத்தில் நிற்க வேண்டும்.

முகிலன், 6.50
நிற்கவில்லை. தலைக்கு வெளியே இருபுறமும் இழுக்கிறது.

குடந்தைப் பெரியப்பா, 6.52
பெட்டியோடு வந்த வயர்தானா?

முகிலன், 6.53
இல்லை. அந்த வயர் சட்டையில் உரசும்போதெல்லாம் காதுக்குள் கரகரவென்று கேட்டதால், 250 ரூபாய்க்குத் துணி பின்னிய வேறொரு வயரை வாங்கி மாட்டினேன்.

குடந்தைப் பெரியப்பா, 6.59
விஷயம் அகப்பட்டது. இயர்போனில் செருகும் இரட்டைப் பின் உள்ள வயரில் ஒரு பின் பாசிட்டிவ், மற்றது நெகட்டிவ். காதுக்கு மேல் வளைவு இல்லாத நேர் வயரை ஒரு பக்கம் தலைகீழாகச் செருகினாலும் அது உட்கார்ந்துவிடும். அப்போது ஒரு காதில் சவ்வு முன்னே தள்ளும் நேரத்தில் மறு காதில் பின்னே இழுக்கும். இரண்டிலும் ஒலி வரும். ஆனால் நடுவில் நிற்க வேண்டியது எதுவும் நடுவில் நிற்காது. மைக் செட்டில் இரண்டு பாக்ஸுக்கு வயர் மாற்றிக் கொடுத்துவிட்டு நான் பட்ட பாடு இதேதான்; மேடைக்கு எதிரே நின்றவருக்குத் தவிலின் கனமே போய்விட்டது. ஒரு பக்கத்தை மட்டும் கழற்றித் திருப்பிச் செருகு. கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதே. பின்னைத் தாங்கும் கட்டையைப் பிடித்து நேராக இழு. பின் 0.78 மி.மீ. தடிமன்தான், சற்றுச் சாய்த்தாலும் வளைந்துவிடும். உரசும் சத்தத்துக்குப் புது வயரே தேவைப்பட்டிருக்காது. பழையதைக் காதுக்கு மேலாகச் சுற்றி விட்டிருந்தாலே பெரும்பகுதி அடங்கியிருக்கும்.

முகிலன், 7.08
இடப்பக்கத்தைத் திருப்பிச் செருகினேன். குரல் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. மிருதங்கம் அதற்குச் சற்றுக் கீழே கேட்கிறது. திருப்பி அனுப்பப் போவதில்லை.

மன்னார்குடி அத்தை, 7.11
பேரனின் இணைய வகுப்புக்கும் ஒன்று வாங்க வேண்டும். அவன் எப்போதும் ஒலியை முழுதாகவே வைக்கிறான்.

கயல் (திருவையாறு), 7.16
அத்தை, பெரியவர்களுக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75 டெசிபல், அதுவும் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் இருந்தால் பேருந்து இரைச்சலிலும் பாதி ஒலியே போதும். அவனுக்கு வாங்கும்போது மைக் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வகுப்புக்குத் தம்பூரா தேவையில்லை.

குடந்தைப் பெரியப்பா, 7.20
கட்டமைப்பையும் பாருங்கள். ஜாக்கிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் வளைந்து கொடுக்கும் ரப்பர்க் கழுத்து இல்லையென்றால் வயர் அங்கேதான் முதலில் அறும். காதுக்குள் போகும் குழலின் நுனியில் சிறு விளிம்பு இல்லையென்றால், கழற்றும்போது ரப்பர் காதுக்குள்ளேயே தங்கிவிடும். குழலின் வாயில் உள்ள சல்லடையில் அழுக்கும் வியர்வையும் அடைத்தால் ஒரு பக்கம் மெல்ல மங்கும். பலர் அதைக் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரவில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைப்பது நல்லது.
முகிலா, ஞாயிற்றுக்கிழமை குடந்தைக்கு வரும்போது இரண்டு வயரையும் எடுத்து வா. இடப்பக்கத் துளை தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.