‘தடம்’ என்னும் கருப்பொருளுக்கு அனுப்பவுள்ள ரப்பர் மரக் கிண்ணம்: விரிசலுக்கும் குறிப்புக்கும் உதவி வேண்டும்

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம், மலேசியா)

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்புறம் ஒரு சிறிய லேத் இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஆறு ஆண்டுகளாக மரக் கடைசல் செய்து வருகிறேன். அமெரிக்காவில் கடைசல் கலைஞர்களுக்காக நடத்தப்படும் ஒரு கண்காட்சிக்கு இந்த ஆண்டு ஒரு படைப்பை அனுப்ப விரும்புகிறேன். நடுவர்கள் மூவர், பெயர் மறைக்கப்பட்ட நிழற்படங்களைப் பார்த்து அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். மூன்று படங்கள், நூறு சொற்களுக்கு மிகாத குறிப்பு, அளவு, எடை, விலை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறார்கள். இந்த ஆண்டின் கருப்பொருளைத் தமிழில் ‘தடம்’ என்று சொல்லலாம். இறுதி நாளுக்கு நான்கு வாரங்கள் உள்ளன. சென்ற ஆண்டு வேறொரு கருப்பொருளுக்கு நான் அனுப்பியது தேர்வாகவில்லை; காரணமும் தெரிவிக்கப்படவில்லை. அதனால்தான் இம்முறை முன்கூட்டியே கேட்கிறேன்.

என் அம்மா நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் பால் வெட்டியவர். அங்கே மறுநடவுக்காகச் சாய்த்த பால்மரங்களில் ஒன்றின் அடித்துண்டை வாங்கி வந்து, பச்சையாக இருக்கும்போதே ஒரே மூச்சில் கடைந்து முடித்தேன். கிண்ணத்தின் விட்டம் 22 சென்டிமீட்டர், உயரம் 9 சென்டிமீட்டர். விளிம்பில் பட்டையை அப்படியே விட்டிருக்கிறேன். விளிம்பை ஒட்டி, பால் வெட்டிய பகுதியில் இரண்டு புடைப்புகள் இருக்கின்றன. அவற்றையே அம்மாவின் கைத்தடம் என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

குளிர்சாதன அறையில் ஒரு வாரம் வைத்திருந்தபோது, நார்முனை (மரநார் குறுக்கே அறுபட்ட முனை) தெரியும் பக்கத்தில் விளிம்பிலிருந்து 3 சென்டிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை போன்ற விரிசல் விழுந்துவிட்டது. அதை ஒட்டி மறைக்கலாமா? எண்ணெய் பூசிய பரப்பு படத்தில் பளபளத்துக் கண்ணைக் கூசுகிறது. அதற்கு என்ன செய்வது? குறிப்பு போதுமான அளவு தெளிவாக இருக்கிறதா? அதே மரத்தில், காய்ந்த பிறகு மீண்டும் கடைவதற்காகத் தடிமனாக விட்டு, முதற்கடைசல் மட்டும் செய்து, நார்முனைகளில் மெழுகு பூசி வைத்த மூன்று கிண்ணங்கள் எட்டு மாதங்களாக என் கிடங்கில் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி (பட்டர்வொர்த், கடைசல் பட்டறை)

தம்பி, முதலில் ஒரு கேள்வி. விளிம்பின் தடிமன் எவ்வளவு, அடிப்பகுதியின் தடிமன் எவ்வளவு?

கேட்டவர்

விளிம்பு 5 மில்லிமீட்டர், ஐயா. அடிப்பகுதியை இப்போதுதான் அளந்தேன். 12 மில்லிமீட்டர் இருக்கிறது.

மறுமொழி (பட்டர்வொர்த்)

விரிசலுக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. மெல்லிய விளிம்பு விரைவாகக் காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. தடித்த அடிப்பகுதி இன்னும் ஈரத்தோடு இருப்பதால் அசைந்துகொடுக்க மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நார் பிளந்துவிடுகிறது. பச்சை மரத்தை ஒரே தடவையில் கடைவதானால், விளிம்பிலிருந்து அடிவரை ஒரே மெல்லிய தடிமனாகக் கடைய வேண்டும். அப்படிச் செய்தால் கிண்ணம் நெளியுமே தவிர, பெரும்பாலும் வெடிக்காது.

நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காடு அளவில் இருக்கும். அந்தக் காற்றில் வெகுநாள் கிடந்த மரம் தன்னுள் ஏறக்குறைய 16 விழுக்காடு ஈரத்தை வைத்துக்கொள்ளும். குளிர்சாதன அறையில் அது 10 அல்லது 11 விழுக்காட்டுக்கு இறங்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அமெரிக்கக் கட்டடத்தில் காற்றின் ஈரம் 30 விழுக்காட்டுக்கு வந்துவிட்டால், மரத்தின் ஈரம் 6 விழுக்காட்டை நெருங்கும். உங்கள் கிண்ணம் இந்தக் காய்தல் பயணத்தின் பாதியிலேயே பிளந்துவிட்டது. மீதிப் பயணம் இன்னும் பாக்கி இருக்கிறது.

ஒட்டி மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். படத்தில் தெரியாமல் போகலாம். ஆனால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் பெட்டியைத் திறக்கும்போது விரிசல் வளர்ந்திருந்தால், அவர்கள் தேர்ந்தெடுத்த பொருளும் வந்து சேர்ந்த பொருளும் வேறு வேறாகிவிடும். வேண்டுமென்றே தெரியும்படி தைத்துக் கட்டிய விரிசல் என்றால் அது வேறு, உங்களுடையது அப்படிப்பட்டதன்று.

கிடங்கில் இருப்பவற்றில் ஒன்றை எடுங்கள். காகிதப் பையில் போட்டுக் குளிர்சாதன அறையில் வைத்து, சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கொரு முறை எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்று முறை தொடர்ந்து எடை மாறாமல் இருந்தால் இறுதிக் கடைசலைத் தொடங்கலாம். முதற்கடைசலில் எவ்வளவு தடிமன் விட்டீர்கள்?

கேட்டவர்

விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்னும் கணக்கில் 22 மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன். ஆனால் அவற்றில் புடைப்புகள் இல்லை, ஐயா. அம்மாவின் தடம் இந்த உடைந்த கிண்ணத்தில் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் இதை விட மனம் வரவில்லை.

மறுமொழி (சுங்கை பாக்காப்)

நான் கடைசல் தெரிந்தவள் அல்ல. என் மகன் இதைக் காட்டியதால் எழுதுகிறேன். பதினாறு வயதில் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் பால் வெட்டியிருக்கிறேன். தம்பி எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும் என்று தோன்றுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நன்றாகப் பால் வெட்டுகிறவரின் கத்தி மரத்தைத் தொடவே தொடாது. பால் இருப்பது பட்டையில். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்து, ஏறக்குறைய 30 பாகைச் சரிவில், மரத்தின் பாதிச் சுற்றுக்குப் பட்டையை மெல்லச் சீவிக்கொண்டு போவோம். பால் ஓடும் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து செல்வதால், அந்தப் பக்கமாகச் சரித்து வெட்டினால்தான் அதிகமான குழாய்கள் அறுபடும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உள்ளே மரத்தை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை விட்டுவிட வேண்டும். அந்த மெல்லிய பட்டை இருந்தால்தான் புதுப்பட்டை வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் வெட்ட முடியும். கத்தி அதைத் தாண்டி மரத்தில் பட்டுவிட்டால் அது காயம். காயம் பட்ட இடம் பின்னால் முண்டும் முடிச்சுமாகப் புடைத்துவிடும். அந்த இடத்தில் அதன் பிறகு ஒழுங்காக வெட்ட முடியாது. காயம் போட்டதற்காக நான் திட்டு வாங்கிய காலைப்பொழுதுகள் இன்னும் நினைவில் இருக்கின்றன.

ஆகவே நீங்கள் அம்மாவின் தடம் என்று எழுதியிருக்கும் புடைப்புகள், பழகாத கையின் பிழை. அம்மாவிடம் கேட்டீர்களா?

கேட்டவர்

அக்கா, கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அவர் வேலை செய்த தோட்டத்து மரம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்துவிட்டது.

இன்று காலை கிண்ணத்தை அம்மாவின் கையில் கொடுத்தேன். புடைப்புகளைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு, “இது காயம்பா. யார் போட்டதோ, சொல்ல முடியாது. என் நிரையில், நான் வெட்டின மர வரிசையில், இப்படிக் கிடையாது” என்றார். அதன் பிறகு கிண்ணத்தின் வெளிப்புறத்தில் விரலை வைத்து, இடமிருந்து வலமாகச் சரித்து இழுத்துக் காட்டினார். அக்கா சொன்ன அதே சரிவு.

நூறு சொற்களில் நான் எழுதி வைத்திருந்த குறிப்பு பொய்யாகிவிட்டது. அது நடுவர்களுக்கு எப்போதும் தெரிந்திருக்காது. ஆனாலும் அதை அனுப்ப முடியாது.

மறுமொழி (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

கைவினைப் பொருள்களைப் படமெடுப்பது என் தொழில் என்பதால் படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கருப்பொருளை விளக்குவதற்காகப் பால் பிடிக்கும் கோப்பையையோ வெட்டுக் கத்தியையோ பக்கத்தில் வைத்துப் படமெடுக்காதீர்கள். துணைப்பொருள் தேவைப்படுகிறது என்றால், படைப்பு தானாகப் பேசவில்லை என்றே நடுவர் எடுத்துக்கொள்வார். கீழே வெளிர்சாம்பலாகத் தொடங்கி மேலே கறுப்பாக மங்கும் பின்னணித் தாள், ஒரு பக்கமிருந்து வரும் ஒரே ஒளி, அந்த ஒளிக்கு முன்னால் ஒளியைப் பரப்பும் டிரேசிங் தாள் அல்லது வெள்ளைத் துணி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை ஆகியவை போதும். முக்காலி கட்டாயம் வேண்டும். ஒளிப்படக் கருவியின் துளையளவை எஃப் 11 அல்லது அதைவிடச் சிறியதாக வையுங்கள். பளபளப்பு விளக்கால் வருவதைவிட எண்ணெயால்தான் அதிகம் வருகிறது. நுண்மையான தேய்ப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மெழுகிட்டால் அடங்கும். ரப்பர் மரம் வெளிர் நிறமுடையது. கருவி தானாக நிறத்தைத் தீர்மானித்தால் மஞ்சளாகக் காட்டிவிடும். சாம்பல் அட்டையை வைத்து நிறத்தைச் சரிசெய்த பிறகு எடுங்கள். முதல் படத்தில் முழு வடிவமும் தெரிய வேண்டும். நடுவர்கள் பலர் அதில்தான் நின்று முடிவெடுக்கிறார்கள் என்பது என் அனுபவம்.

மறுமொழி (பட்டர்வொர்த்)

சுங்கை பாக்காப் அம்மா எழுதியதை நான்கு முறை படித்தேன். நாற்பது ஆண்டுகளாக இந்த மரத்தைக் கடைகிறேன். புடைப்பு எதனால் வருகிறது என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

தம்பி, குறிப்பை மூடி வைத்துவிட்டு உங்கள் பழைய கிண்ணத்தைப் பாருங்கள். பட்டை விளிம்புள்ள அழகான கிண்ணம். அதில் ‘தடம்’ எங்கே இருக்கிறது? குறிப்பில்தான் இருக்கிறது. கருப்பொருளை வடிவம் சுமக்க வேண்டும். குறிப்பு அதற்குத் துணை நிற்க வேண்டும். சென்ற ஆண்டு தேர்வாகாததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மா விரலால் இழுத்துக் காட்டியதையே செய்யுங்கள். காய்ந்த கிண்ணத்தை எல்லா இடத்திலும் 4 மில்லிமீட்டர் தடிமனாகக் கடையுங்கள். அதன் வெளிப்புறத்தில் பாதிச் சுற்றுக்கு, அதே சரிவில் ஒரே ஒரு பள்ளத்தை 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குச் செதுக்குங்கள். மீதி ஒரு மில்லிமீட்டர் நிற்கும். அந்த அளவுக்கு மெலிந்த வெளிர்மரத்தில் வெளிச்சம் ஊடுருவும். உள்ளிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கோடு ஒளியாகத் தெரியும். நல்ல கை மரத்துக்கு விட்டுவைத்த ஒரு மில்லிமீட்டர் அதுதான்.

பள்ளத்தைப் பால்கத்தியால் வெட்ட முயல வேண்டாம். அது பட்டைக்காக வளைத்த கத்தி. காய்ந்த மரத்தில் நாரைப் பிய்த்துவிடும். சிறிய வளைவுளியைக் கொண்டு, உள்ளே ஒரு விளக்கை வைத்து, ஒளியின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். உங்கள் அம்மாவே செதுக்க விரும்பினால், அவர் பெயரையும் படைத்தவர்களில் ஒருவராகக் கொடுக்க விதியில் இடமிருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுமொழி (பிறை, சரக்கு அனுப்பும் துறை)

தேர்வானால் உதவும் என்பதற்காகச் சில செய்திகளைச் சொல்கிறேன். பட்டை விளிம்பைக் கைவிடுவது நல்லது. பட்டைக்குள் பூச்சி இருக்கலாம் என்பதால் தாவரப் பாதுகாப்பு அலுவலர்கள் அதை ஐயத்தோடு பார்ப்பார்கள். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் துளைக்கும் வண்டு எளிதில் பிடிக்கும். கிண்ணத்துக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் வைத்து, மாவு போன்ற தூள் உதிர்கிறதா என்று பாருங்கள். சட்டவிரோதமாக எடுத்த உயிரினங்களின் வணிகத்தைத் தடுக்கும் லேசி சட்டம், அமெரிக்காவில் 2008 முதல் மரப் பொருள்களுக்கும் பொருந்துகிறது. மரத்தின் அறிவியல் பெயர் ஹெவியா பிரேசிலியென்சிஸ், வெட்டப்பட்ட நாடு மலேசியா என்னும் விவரங்களைக் கையில் வைத்திருங்கள்.  அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டிஸ் உரிமம் ரப்பர் மரத்துக்குத் தேவையில்லை.

பெட்டியை ஒட்டுப்பலகையில் செய்யுங்கள். 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த முழுமரச் சட்டம் பெட்டியில் இருந்தால், மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியதற்கான ஐ.எஸ்.பி.எம். 15 (மரப் பெட்டிகளுக்கான பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு விதி) முத்திரை வேண்டும், ஒட்டுப்பலகைக்கு வேண்டாம். விண்ணப்பத்தில் எழுதும் மதிப்பும் சுங்கப் படிவத்தில் எழுதும் மதிப்பும் ஒன்றாக இருக்கட்டும். எந்த வரிசையில் பொதிய வேண்டும் என்பதைப் படமெடுத்து மூடியின் உட்புறத்தில் ஒட்டுங்கள். திரும்ப அனுப்பும்போது பொதிபவர் நீங்கள் அல்லர்.

கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பின்)

எல்லோருக்கும் நன்றி. எடை பதினோராம் நாளில் நிலைத்தது. முதல் கிண்ணத்தில், பள்ளத்தின் கடைசி விரற்கடையில் உளி உள்ளே போய்விட்டது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “காயம்” என்று மட்டும் சொன்னார். இரண்டாவது கிண்ணத்தில் அவர் விரலால் சரிவைக் காட்ட, நான் பென்சிலால் கோடிட்டு, மூன்று மாலைகளில் செதுக்கி முடித்தேன். அதன் பிறகு சில நாளாகக் குளிர்சாதன அறையில் இருக்கிறது. விரிசல் இல்லை, தூளும் உதிரவில்லை. மூன்றாவதை அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

நேற்று இரவு அனுப்பிய குறிப்பின் தமிழ் வடிவம் இது:

“பால்மரத்தில் நன்றாக வெட்டுபவரின் கத்தி மரத்தைத் தொடுவதில்லை. அது உள்ளே ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுச் செல்கிறது. அதிலிருந்து பட்டை மறுபடி வளர்கிறது. என் அம்மா பினாங்கு மாநிலத் தோட்டம் ஒன்றில் பல ஆண்டுகள் பால் வெட்டினார். அவர் வெட்டிய மரங்களின் கட்டையில் அவருடைய அடையாளம் எதுவும் இருக்காது. இந்தக் கிண்ணத்தின் சுவர் 4 மில்லிமீட்டர். பள்ளத்தின் அடியில் எஞ்சியிருப்பது ஒரு மில்லிமீட்டர். பள்ளத்தின் சரிவு அவர் விரலால் காட்டியது.”

முதல் படத்தில் முழுக் கிண்ணமும், இரண்டாவதில் பள்ளமும், மூன்றாவதில் மேலிருந்து பார்க்கும்போது உள்ளே தெரியும் ஒளிக்கோடும் இருக்கின்றன. விண்ணப்பம் கிடைத்ததாகப் பதில் வந்துவிட்டது. முடிவு தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.