கவலையை ஜெபத்தில் கொண்டுபோன நாள்: உங்களால் மறக்க முடியாதது எது?

மெஞ்ஞானபுரத்து மகள்:

அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த இரவு. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வரும்போதே கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டேன். வீட்டில் கேட்டபோது, "திங்கட்கிழமைதான் தருவாங்களாம்" என்று சொல்லிவிட்டேன்.

குடும்ப ஜெபம் முடிந்து அம்மா படுத்தார்கள். நான் முழங்கால் போட்டேன். "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது வேதத்தில் வரும் எசேக்கியா ராஜா நினைவுக்கு வந்தான். எதிரி ராஜா சனகெரிபின் மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தானே, அதேபோல் ரிப்போர்ட்டைப் பாயில் விரித்தேன். மடித்து மடித்து வைத்திருந்ததில் ஓரம் தூக்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் பாமாலைப் புத்தகம், இன்னொரு பக்கம் டார்ச் எரியும் செல்போன். வரி வரியாக முணுமுணுத்து வாசித்தேன். புற்றுநோய் என்று அர்த்தமாகும் 'கார்சினோமா' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதுதான் ஆண்டவரே, இதைப் பாருங்க" என்றேன்.

இருட்டிலிருந்து அம்மா குரல்: "ஏட்டி, யாருக்கு வாசிச்சுக் காட்டுத? எனக்கும் வாசிச்சுக் காட்டு."

ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா அதற்குப் பின் இரண்டு வருஷம் இருந்தார்கள். அம்மாவுடைய காகிதத்தை அம்மாவுக்குக் காட்டாமல் ஆண்டவருக்குக் காட்டினேனே, அது ஜெபமா, அம்மாவிடம் சொல்லப் பயந்துபோய் ஒளிந்துகொண்டதா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

டூவீலர்காரன்:

என் ஜெப அறை ஹெல்மெட்டுக்குள்தான். வீட்டில் ஒரே அறை, ஐந்து பேர். தாம்பரத்திலிருந்து கிண்டி வரை போகும் நேரம்தான் எனக்கும் கர்த்தருக்கும்.

தங்கச்சி கல்யாணக் கடன் கழுத்தை நெரித்த மாதம் அது. "யாராவது ஒரு ஆளை அனுப்புங்க ஆண்டவரே, ஒரே ஒருத்தர் என்னன்னு கேட்டா போதும்" என்று கேட்டுக்கொண்டே சிக்னலில் நின்றேன். வேதத்தில் சத்தமில்லாமல் ஜெபித்த அன்னாளுக்கு நடந்த மாதிரி உதடு மட்டும் அசைந்திருக்கும் போல. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், உடம்பு முடியலையா? ஓரமா நிறுத்துங்க, தண்ணி இருக்கு" என்று பாட்டிலை நீட்டினார். "ஒண்ணுமில்லண்ணே" என்று சொல்லி, பச்சை விழுந்ததும் கிளம்பிவிட்டேன்.

பல்லாவரம் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கேட்டதும் நான்தான், கொடுத்ததை வேண்டாம் என்றதும் நான்தான்.

தூத்தூர் கடற்கரை:

நாங்கள் கத்தோலிக்கர். ஒக்கிப் புயல் நேரம், 2017 நவம்பர் 30க்கு அப்புறம் வந்த இரவுகள். அண்ணன் ஆழ்கடலில். எந்தச் செய்தியும் இல்லை. சிலுவை வைத்த சிறு கோவிலான குருசடி முன்னால் பெண்கள் விடிய விடியச் செபமாலை சொன்னார்கள். அண்ணிதான் முன்செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" என்று தொடங்கி, "உமது ஆட்சி வருக" வரை வந்து நின்றுவிட்டார்கள். அடுத்த வரி "உமது திருவுளம்", உமது விருப்பப்படியே ஆகட்டும் என்பது. அது அவர்கள் வாயில் வரவில்லை. கையில் மணி அப்படியே நிற்கிறது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. அலைச் சத்தம் மட்டும். பிறகு ஒரு பாட்டி, அந்த வரியை விட்டுவிட்டு, "எங்கள் அன்றாட உணவை" என்று தொடங்கினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

அண்ணன் லட்சத்தீவில் கரை சேர்ந்துவிட்டான், ஒன்பது நாள் கழித்துத் தகவல் வந்தது. அந்தப் பாட்டியின் பேரன் வரவே இல்லை. இப்போதும் செபமாலையில் அந்த இடம் வரும்போது அண்ணி பாட்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஜெபக்குறிப்பு நோட்டு:

சகோதரர்களே, சகோதரிகளே, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். 2020 ஊரடங்கில் திருப்பூரில் வேலை போனது. நான்கு மாதம் ஜெபித்தேன், ஐந்தாம் மாதம் வேலை கிடைத்தது. என் சாட்சி அவ்வளவுதான். ஆனால் மேலே எழுதியவர்களைப் பார்த்ததும் சில விஷயங்களைச் சொல்லவேண்டும் என்று பாரமாக இருக்கிறது.

வண்டி ஓட்டிக்கொண்டு ஜெபிப்பது சரியல்ல. அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்றார் இயேசு. அறை இல்லையென்றால் மொட்டை மாடி போதும். காலையில் போனைத் தொடுவதற்கு முன் இருபது நிமிடம். ஒரு நோட்டு வாங்குங்கள். இடதுபக்கம் தேதியும் கவலையும். வலதுபக்கத்தைக் காலியாக விடுங்கள், பதில் வந்த அன்று நிரப்புங்கள். "என் கஷ்டமெல்லாம் தீரவேண்டும்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். "பத்தாம் தேதி வாடகை 6,500" என்று எழுதுங்கள். பெயரும் தொகையும் சொல்லிக் கேட்கும்போதுதான் எதற்குப் பயப்படுகிறோம் என்பது நமக்கே தெரியும். கேட்பதற்கு முன் ஸ்தோத்திரம். "ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பவுல் எழுதியது காவலில் இருந்துகொண்டு; அவரே "ஸ்தோத்திரத்தோடே கூடிய ஜெபம்" என்கிறார். அப்புறம், வாய்விட்டுப் பேசுங்கள். மனதுக்குள் பேசினால் மூன்றாவது நிமிடம் வட்டிக் கணக்குக்குப் போய்விடும்.

கடற்கரைச் சகோதரருக்கு ஒன்று, தவறாக நினைக்காதீர்கள். சந்தேகப்படாமல் விசுவாசத்தோடே கேட்கக்கடவன் என்று யாக்கோபு சொல்லுகிறார். ஆண்டவருடைய சித்தத்துக்கு ஒப்புக்கொடுக்காத ஜெபம் பாதி ஜெபம்தான்.

இரவு டியூட்டி:

நோட்டு அண்ணனுக்கு. நோட்டு நல்ல யோசனை, நானும் வாங்குகிறேன். கடைசியாக எழுதியதை மட்டும் என்னால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

நான் குழந்தைகள் வார்டு நர்ஸ். ஒரு தாய், பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். ஜெபிக்க வந்த ஒருவர் "விசுவாசம் குறைவாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரவு மூன்று மணிக்கு ஊசி ட்ரேயோடு நிற்கிறேன், அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எவ்வளவு விசுவாசிக்கணும் சிஸ்டர்? சொல்லுங்க, அவ்வளவும் விசுவாசிக்கிறேன்" என்றார். மருந்துக்கு அளவு கேட்பது போலவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ட்ரேயைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே அந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்றுதானே முதலில் கேட்டார்? மூன்று தரம் போய்க் கேட்டார். "உம்முடைய சித்தம்" என்பது அவருக்கே வியர்வை இரத்தத் துளிகளாய் விழுந்த இடம். அங்கே அந்த அண்ணி நின்றுபோனதைப் பாதி ஜெபம் என்று எப்படிச் சொல்வது? 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆறுதலாக ஒரு வரி இல்லை. அதையும் வேதத்தில்தான் வைத்திருக்கிறார்கள். எலியா தீர்க்கதரிசி சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்தபோது தூதன் விசுவாசத்தைப் பற்றிப் பேசவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, எழுந்து சாப்பிடு என்றான்.

ஜெபக்குறிப்பு நோட்டு:

சகோதரி, அந்தத் தாயைப் பற்றிப் படித்துவிட்டு அரைமணி நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கடற்கரைச் சகோதரரே, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணிக்காகவும் அந்தப் பாட்டிக்காகவும் இன்று இடதுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

டூவீலர்காரன்:

மெஞ்ஞானபுரத்து அக்கா, அம்மா கேட்டபிறகு என்ன நடந்தது? வாசித்துக் காட்டினீர்களா?

மெஞ்ஞானபுரத்து மகள்:

காட்டினேன் தம்பி. முழுவதும் கேட்டார்கள். அப்புறம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் காகிதத்தின் மேல் கையை வைத்து ஜெபித்தார்கள். வியாதியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளை பயந்துபோய் பொய் சொல்லிட்டா ஆண்டவரே, மனசுல வச்சுக்கிடாதீங்க. ராத்திரி சாப்பிடவும் இல்ல" என்றார்கள். ஆமென் சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். எலியாவைப் பற்றிப் படித்ததும்தான் இது நினைவுக்கு வந்தது. மணி ஒன்றரை இருக்கும். இரண்டு தோசை, பொடி, நல்லெண்ணெய்.